அப்பாவுக்கு ஒரு மிடறு எஸ்பிரஸ்ஸோ



இந்தப் பகுதியில் வழக்கமாகப் பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வரவு செலவு, உடல்நலம் என்றுதான் பேசி வருகிறோம். இம்முறை கோப்பியைப் பற்றிப் பேசப் போகிறேன். 'வாத்தியாருக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா?' என்று கேட்டுவிடாதீர்கள். இந்தக் கோப்பிக்குள் படிப்பும் இருக்கிறது, வரவு செலவும் இருக்கிறது. கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் லயத்திலிருந்து ஓர் அம்மா வந்து வாசலில் நின்றார். கையில் நான்காக மடித்த பளபளப்பான தாள் ஒன்று.

"சார், இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. பெரியவ இதை வாங்கப் போறாளாம். நீங்க சொன்னாத்தான் கேப்பா."

பிரித்துப் பார்த்தேன். மின்சாரப் பொருள் கடை ஒன்றின் விளம்பரம். வெள்ளி போல மின்னும் எஸ்பிரஸ்ஸோ மிஷின். ரொக்க விலை 2,900 வெள்ளி. தவணைக்கு எடுத்தால் மாதம் 145 வெள்ளி, 24 மாதம். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? பெருக்கிப் பார்த்தேன். 3,480 வெள்ளி வந்தது. அதாவது ரொக்க விலைக்கு மேல் 580 வெள்ளி. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் இரண்டு மாதம் முழுசாக உழைத்தாலும் இந்த மிஷினின் தவணைக் கணக்கு தீராது.

"வீட்டுல கோப்பிக்கா சார் பஞ்சம்? காலையில பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இவங்கப்பா ஒரு மங்கு கோப்பி-ஓ குடிச்சிட்டுத்தான் போறாரு. அதுக்கு மூவாயிரம் வெள்ளி மிஷினா?"

அந்த அம்மாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. மகள் என்னிடம் படித்தவள். கெட்டிக்காரி. எஸ்.பி.எம். முடித்துவிட்டுக் கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் உள்ள கோப்பிக் கடையில் வேலை செய்கிறாள். 'பரிஸ்தா' என்று அந்த வேலைக்குப் பெயர். வீண் செலவு செய்யும் பிள்ளையல்ல. மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவள். அவள் ஏன் இப்படி ஒரு கடனில் கையெழுத்துப் போட நினைக்கிறாள்?

அடுத்த சனிக்கிழமை அவளே வந்தாள். கேட்டேன். சற்று நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தவள், பிறகு சொன்னாள்.

"எனக்காக இல்ல சார், அப்பாவுக்காக. நாலு வருஷமா அந்தக் கடையில கோப்பி போடுறேன். ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல என் கையால குடிக்கிறாங்க. எங்க அப்பா மட்டும் ஒரு தடவைகூடக் குடிச்சதில்ல. ஒரு நாள் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன் சார். கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்தாரு. விலையைப் பார்த்தாரு. 'நான் வெளிய நிக்கிறேம்மா, நீ வேலையைப் பாரு'ன்னுட்டாரு."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்தத் தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். தன் ஒரு நாள் உழைப்பில் ஒரு குவளை கோப்பி எவ்வளவு பங்கு என்று அந்தக் கதவருகே நின்றே அவர் கணக்குப் போட்டிருப்பார். மகளுக்குத் தன் வேலையை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று ஆசை. இந்த ஆசையை எப்படித் தவறு என்று சொல்வது? ஆசை நியாயமானதுதான். 24 மாதக் கடன்தான் எனக்கு நியாயமாகப் படவில்லை.

"சரிம்மா, அந்த மிஷின் அப்படி என்னதான் வேலை செய்யுது? அதை எனக்குச் சொல்லு. அப்புறம் வாங்கலாமா வேண்டாமான்னு பார்ப்போம்" என்றேன்.

"பிரஷர் சார். ஒன்பது பார் பிரஷர்" என்றாள் பட்டென்று.

அங்கேதான் நம் பாடம் தொடங்குகிறது.

மிஷின் விற்பது அழுத்தத்தை

கோப்பித் தூளின் மேல் வெந்நீரை ஊற்றினால் நீர் தன் பாரத்தினாலேயே மெல்ல இறங்கும். நம் கோப்பிக் கடைகளில் துணிப்பையில் வடிப்பதும், தமிழ்நாட்டுப் பித்தளை பில்டரில் டிக்காஷன் இறக்குவதும் இந்த முறைதான். எஸ்பிரஸ்ஸோ அப்படியல்ல. மிக நைசாக அரைத்த தூளை இறுக்கி வைத்து, 90 முதல் 96 டிகிரி வரை சூடான நீரைப் பெரும் அழுத்தத்தோடு அதன் வழியே தள்ளுகிறார்கள். 18 கிராம் தூளிலிருந்து சுமார் 36 கிராம் கோப்பி மட்டும், 25 முதல் 30 விநாடிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் அந்தத் திக்கம், அந்த மணம், மேலே அந்தப் பொன்னிற நுரை.

ஒன்பது பார் என்றால் எவ்வளவு? நம் வீட்டுப் பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு பார். கார் சக்கரத்தில் அடிக்கும் காற்று இரண்டு பாருக்குச் சற்று மேல். எஸ்பிரஸ்ஸோவுக்கு வேண்டியது கார் சக்கரத்தைப்போல நான்கு மடங்கு. கடை மிஷினில் தூள் வைக்கும் வட்டம் 58 மில்லிமீட்டர் அகலம். அந்தச் சின்ன வட்டத்தின் மேல் ஒன்பது பார் என்றால், ஏறக்குறைய 240 கிலோ பாரம். 10 கிலோ அரிசிப் பை இருபத்து நான்கை ஒரு பிஸ்கட் அளவுள்ள இடத்தில் அடுக்கி வைத்ததுபோல!

ஆக, அந்த 2,900 வெள்ளியில் பெரும் பங்கு இந்த அழுத்தத்துக்கும், நீரின் சூட்டை ஒரே நிலையில் பிடித்து வைப்பதற்கும்தான். 'இதைக் குறைந்த விலையில் வாங்க முடியாதா?' என்பதே நம் கேள்வி.

பழைய எஸ்பிரஸ்ஸோவுக்கு ஒன்பது பார் கிடையாது

இந்தக் கேள்விக்கு இத்தாலியின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1884ஆம் ஆண்டில் தூரின் நகரத்து ஆஞ்சலோ மொரியோண்டோ என்பவர் நீராவியால் கோப்பி போடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலான் நகரத்து லூயிஜி பெசெரா அதைத் திருத்தி, ஒவ்வொரு குவளையாக உடனுக்குடன் போட்டுக் கொடுக்கும்படி செய்தார். அந்த இயந்திரங்களில் இருந்த அழுத்தம் சுமார் ஒன்றரை பார்தான். நம் குக்கரைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே!

அக்கீலே காஜ்ஜியா என்பவர் 1938இல் ஒரு புதிய முறைக்குக் காப்புரிமை பெற்று, 1948 வாக்கில் நெம்புகோலை இழுத்து அழுத்தம் கொடுக்கும் இயந்திரத்தைக் கடைகளுக்குக் கொண்டு வந்தார். பொன்னிற நுரை பிறந்தது அப்போதுதான். அதற்கு முன்னால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இத்தாலியர்கள் 'எஸ்பிரஸ்ஸோ' என்று விரும்பிக் குடித்ததெல்லாம் ஒன்றரை பார் கோப்பிதான்.

அந்த ஒன்றரை பாரை வீட்டு அடுப்புக்குக் கொண்டு வந்தவர் அல்பொன்ஸோ பியலெட்டி. 1933இல் அவர் செய்த எட்டுப் பட்டை அலுமினியக் கெண்டிக்கு 'மோக்கா' என்று பெயர். இன்றைக்கும் இத்தாலியில் ஏராளமான வீடுகளில் காலைக் கோப்பி அதில்தான். நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் 'மோக்கா பாட்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். என் மாணவி மூன்று கப் அளவுள்ளதை 68 வெள்ளிக்கு வாங்கினாள். பெயர் பெற்ற இத்தாலியத் தயாரிப்பு என்றால் விலை கூடும். அதற்கு அவசியமில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். இதில் வருவது இன்றைய கடை எஸ்பிரஸ்ஸோ அல்ல. 16 கிராம் தூளில் 120 மில்லி அளவு கோப்பி வரும். கடையில் வருவதைவிட நீர்ப்பு கூடுதல். ஆனால், நாம் வடிக்கும் சாதாரணக் கோப்பியைவிட நல்ல திக்கம். நுரை நிற்காது. குடும்பம் ஒன்றுதான், இது ஏழைத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வந்த வினை

முதல் நாள் அந்த அம்மாவின் அடுப்படியிலேயே முயன்று பார்த்தோம். மளிகைக் கடையில் வாங்கி வைத்திருந்த கோப்பித் தூளையே எடுத்தாள். கடையில் பழகிய கையல்லவா? தூளைக் கரண்டியால் நன்றாக அழுத்தி இறுக்கினாள். அடுப்பையும் பெரிதாக எரியவிட்டாள்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. கோப்பி மேலே வரவில்லை. திடீரென்று கெண்டியின் வயிற்றில் இருந்த சின்னப் பித்தளைக் குமிழிலிருந்து 'உஸ்' என்று ஆவி சீறியது. அந்த அம்மா, "ஐயோ, வெடிக்கப் போவுது!" என்று தம்பிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். நான் எட்டி அடுப்பை அணைத்தேன். பிறகு மேலே வந்திருந்த இரண்டு கரண்டி கோப்பியை வாயில் வைக்க முடியவில்லை. தீய்ந்த நெடி.

"மிஷினே வாங்கியிருக்கலாம்" என்றாள் மகள், முகம் சுருங்கிப்போய்.

"மிஷின் வாங்கியிருந்தா தப்பு எங்கன்னு தெரியாமலே போயிருக்கும். உக்காரு, என்ன தப்புன்னு பார்ப்போம்" என்றேன்.

தப்பு மூன்று. முதலாவது, தூளை இறுக்கியது. ஒன்பது பார் அழுத்தத்துக்குத்தான் இறுக்கிய தூள் சரி. ஒன்றரை பாருக்கு அது சுவர் எழுப்பியதுபோல. வழி அடைபட்டதும் பாதுகாப்புக் குமிழ் திறந்துகொண்டது. அது கெட்டுப் போகவில்லை, தன் கடமையைச் செய்தது.

இரண்டாவது, தூள். நம் ஊர்க் கடைக் கோப்பித் தூள் பலவற்றில் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது வழக்கம். துணிப்பையில் வடித்து டின் பால் ஊற்றிக் குடிக்க அதுதான் ருசி. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அந்தச் சீனிப் பாகு மோக்காவின் சல்லடைத் துளைகளில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். பையின் பின்பக்கத்தில் 'கோப்பி சம்புரான்' என்று போட்டிருந்தால் வேறு பொருள்கள் கலந்தது என்று அர்த்தம். மோக்காவுக்கு வேண்டியது கலப்பில்லாமல் வறுத்த கோப்பி.

மூன்றாவது, தீ. பெரிய தீயில் நீர் அவசரமாகக் கொதித்து ஆவியாகித் தூளைத் தீய்த்துவிடுகிறது.

இனி முறை இதுதான்

மறுவாரம் சரியாக வந்த முறையைப் படிப்படியாகத் தருகிறேன். கத்தரித்து அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

1. கொட்டை வறுத்து விற்கும் கடையில், "மோக்கா பாட்டுக்கு அரைத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். தூள் மேசை உப்பைப்போல இருக்க வேண்டும். மாவுபோல இருந்தால் அடைக்கும், ரவைபோல இருந்தால் சாரம் இறங்காது. 250 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். நம் ஈரக் காற்றில் மணம் சீக்கிரம் போய்விடும். இறுக மூடும் டின்னில் வையுங்கள்.

2. கெண்டியின் அடிப்பாகத்தில் நீர் ஊற்றுங்கள். உள்ளே தெரியும் குமிழுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துங்கள். குமிழை நீரில் மூழ்க விடக்கூடாது. மூன்று கப் கெண்டிக்குச் சுமார் 150 மில்லி பிடிக்கும்.

3. சல்லடைக் கிண்ணத்தில் தூளைத் தளர்வாக நிரப்பி, விரலால் மேலே சமமாகத் தடவிவிடுங்கள். 15 முதல் 17 கிராம் பிடிக்கும். இறுக்க வேண்டாம். விளிம்பில் ஒட்டிய தூளைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் ரப்பர் வளையம் சரியாகப் பதியாமல் ஆவி கசியும்.

4. மேல்பாகத்தை நன்றாகத் திருகுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் திருகினால் உடைந்துவிடும், உடம்பைப் பிடித்துத் திருகுங்கள்.

5. சின்னத் தீயில் வையுங்கள். தீ கெண்டியின் அடியை விட்டு வெளியே வரக்கூடாது. மூடியைத் திறந்தே வைத்து, முகத்தைக் கிட்டே கொண்டு போகாமல் கவனியுங்கள்.

6. சில நிமிடங்களில் கோப்பி தேன்போல மெல்ல ஊறி வரும். நிறம் வெளுத்து, 'களக் களக்' என்று சத்தம் கேட்கத் தொடங்கியதும் உடனே இறக்குங்கள். அந்தச் சத்தம், கீழே நீர் தீர்ந்து ஆவி புகுகிறது என்பதற்கு அடையாளம். அதற்குமேல் வருவது வெறும் கசப்பு. அடிப்பாகத்தை ஈரத் துணியில் வைத்தால் கொதி உடனே நிற்கும்.

7. நன்றாக ஆறிய பிறகே திறந்து, வெறும் நீரில் கழுவித் துடைத்துத் தனித்தனியாகக் காய வையுங்கள். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். அலுமினியக் கெண்டி இண்டக்ஷன் அடுப்பில் வேலை செய்யாது, கேஸ் அடுப்புதான் வேண்டும்.

நுரை வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு கைவேலை உண்டு. ஒரு குவளையில் இரண்டு தேக்கரண்டி சீனி போட்டு, கெண்டியில் முதலில் ஊறி வரும் சில சொட்டுக் கோப்பியை மட்டும் அதில் விட்டு, வெளுத்துக் குழைந்து வரும்வரை கரண்டியால் அடியுங்கள். மீதிக் கோப்பியை அதன்மேல் ஊற்றினால் பொன்னிறமாக மேலே மிதக்கும். இத்தாலியிலும் வீடுகளில் இப்படிச் செய்வதுண்டு. பால் கோப்பி வேண்டுமானால், பாலைக் கொதிக்கவிடாமல் 60 முதல் 65 டிகிரிவரை சுட வைத்து இரண்டு மங்குகளுக்கிடையே நாலைந்து முறை உயர்த்தி ஆற்றுங்கள். ஆற்றிக் குடிக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!

ஏமாறாமல் இருக்க

இன்னும் சில வழிகளும் உண்டு. அமெரிக்காவின் ஆலன் அட்லர் 2005இல் வெளியிட்ட 'ஏரோபிரஸ்' என்ற பிளாஸ்டிக் குழாய், கையால் அழுத்தி வடிப்பது. சுத்தம் செய்ய எளிது, ருசியும் நன்றாக இருக்கும். ஆனால், 20 கிலோ பாரம் கொடுத்து அழுத்தினாலும் ஒரு பார்கூட வராது. கையால் நெம்புகோலை இழுத்து உண்மையிலேயே ஒன்பது பார் தரும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. அவற்றின் விலை நூற்றுக் கணக்கில். கூடவே மிக நைசாக அரைக்கும் நல்ல அரைவையும் வேண்டும். மிஷின் வாங்குகிறவர்களும் இந்த அரைவைச் செலவை மறந்துவிடுகிறார்கள். தூள் சரியில்லையென்றால் மூவாயிரம் வெள்ளி மிஷினும் கோப்பி போடாது.

பெட்டியின்மேல் '15 பார்', '20 பார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். அது பம்பு எட்டக்கூடிய உச்ச அளவு. கோப்பிக்கு வேண்டியது ஒன்பதுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிரஷர் குக்கரில் ரப்பர்க் குழாய் மாட்டிப் பாலுக்கு ஆவி பிடிப்பது, மோக்காவின் குமிழை அடைத்து அழுத்தத்தைக் கூட்டப் பார்ப்பது போன்ற விபரீத வேலைகளை யாரும் செய்யாதீர்கள். அடுப்பில் கெண்டி இருக்கும்போது சின்னப் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

இன்னொன்று. கர்ப்பிணிகள் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கேஃபீனுக்கு மேல் போகக்கூடாது என்பது மருத்துவர்கள் தரும் அறிவுரை. திக்கமான கோப்பியில் சீக்கிரம் அந்த அளவு வந்துவிடும். சாப்பாட்டோடு கோப்பி குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இரத்த சோகை உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

கோப்பி நமக்குப் புதிதல்ல

எஸ்பிரஸ்ஸோ என்றதும், 'அது நமக்கு ஆகாத பட்டணத்துச் சங்கதி' என்று ஒதுங்குகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தத் தகப்பனார் கண்ணாடிக் கதவருகே நின்றதும் விலைக்காக மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் ரப்பருக்கு முன்னால் வந்தது கோப்பி. இலங்கையில் 1869இல் தோன்றிய இலைநோய் அங்கே கோப்பித் தோட்டங்களை அழித்தது. துரைமார்களில் சிலர் மலாயாவுக்கு வந்து கோப்பி நட்டார்கள். சிலாங்கூரில் காடழித்து அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்களும் இருந்தார்கள். 1890களின் கடைசியில் பிரேசில் கோப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்தது. கோப்பி போய் ரப்பர் வந்தது. காஜாங் பக்கம் இன்ச் கென்னத் தோட்டத்தில் கின்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களின் நடுவிலேயே ரப்பர் நட்டார்கள். அவர்களும் கோப்பி பயிரிட்டவர்கள்தாம். ரப்பருக்குப் பின் செம்பனை வந்ததை நாமே கண்டோம்.

ஆகவே, அந்தப் பிள்ளை இன்று பேரங்காடியில் தொட்டு வேலை செய்வது, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கை தொட்ட அதே கொட்டையைத்தான். அன்று நட்டுப் பறித்தோம், இன்று வடித்துக் கொடுக்கிறோம். அதைக் குடித்துப் பார்க்க மட்டும் நமக்கு என்ன கூச்சம்?

அப்பா குடித்தார்

கணக்கை முடித்துவிடுவோம். கெண்டி 68 வெள்ளி, தூள் 30 வெள்ளி. மொத்தம் 98 வெள்ளி. அந்த மிஷினின் ஒரு மாதத் தவணைகூட இல்லை. 250 கிராம் தூளில் பதினைந்து கெண்டி வரும். ஒரு கெண்டிக்கு இரண்டு வெள்ளித் தூள், அதில் மூன்று பேர் குடிக்கலாம்.

நாளைக்கு இந்தப் பெண் சொந்தமாக ஒரு கோப்பிக் கடை வைக்கிறேன் என்று வந்தால், நல்ல மிஷின் வாங்கச் சொல்லி நானே ஊக்கம் கொடுப்பேன். அப்போது அது சம்பாதித்துக் கொடுக்கும் கருவி. வீட்டில் ஒரு மூலையில் மின்னிக்கொண்டு 24 மாதம் சம்பளத்தைத் தின்பது வேறு. கடன் வாங்குமுன், 'இந்தப் பொருள் தன் தவணையைத் தானே கட்டுமா?' என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மகள் அடுப்பருகே நின்று கவனமாகப் போட்டாள். 'களக்' என்ற சத்தம் கேட்ட மறு விநாடி இறக்கினாள். மூன்று சின்னக் கிளாஸ்களில் ஊற்றி, முதல் கிளாஸை அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் முகர்ந்து பார்த்தார். ஒரு மிடறு குடித்தார். முகம் சுளித்தது. எங்களுக்குப் பகீரென்றது.

"கசக்குதும்மா" என்றார். பிறகு இன்னொரு மிடறு. "ஆனா வாசனை தொண்டையிலயே நிக்குது. இதுக்கா அவ்வளவு காசு கொடுத்துக் குடிக்கிறாங்க?"

"கடையில இதைவிடத் திக்கா இருக்கும்பா. இது கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்."

அவர் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "இதை நின்னுக்கிட்டேதான் போடணுமா, நாள் முழுக்க?"

"ஆமாம்பா. எட்டு மணி நேரம்."

"கால் வலிக்காது?"

மகள் பதில் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வலிக்கும்பா, பழகிப்போச்சு" என்றாள். முப்பது ஆண்டு குலை வெட்டிய மனிதர் தலையை ஆட்டினார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் கேட்கும் கேள்விதான் அது. அதைக் கேட்கத்தான் இத்தனை நாளும் அவருக்கு ஒரு வாய்ப்பு அமையவில்லை.

போகும்போது அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "தாளைத் திருப்பிக் கொடுங்க சார், அந்தக் கெண்டிக்கு அடியில விரிச்சு வைக்கிறேன். மேசை கறுக்குது."

வாசகர்களே, வெளியூரில் வேலை செய்யும் உங்கள் பிள்ளைகள் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் கையால் என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். முடிந்தால் வீட்டிலேயே ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.